எந்த மாநிலம் என்று முதலில் சொல்லுங்கள்

"அமெரிக்காவில் ஃபார்மசி டெக்னீஷியன் ஆக என்ன படிக்கணும்?" மகளோ மருமகளோ அங்கே குடியேறிய வீடுகளில் இந்தக் கேள்வி எழுவதுண்டு. டீயை ஊற்றிக்கொண்டு நிதானமாகவே பேசலாம். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்பவரை நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது. அவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த மாநிலத்தில்?

வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். மருத்துவர் எழுதிய ப்ரிஸ்கிரிப்ஷனை வாங்கி, கணினியில் ஏற்றி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, மாத்திரையை எண்ணி, பாட்டிலில் போட்டு, லேபிள் ஒட்டுபவர் டெக்னீஷியன். மருத்துவமனையில் என்றால், நரம்பில் ஏற்றும் மருந்துகளைக் கலந்து தயாரிக்கும் வேலையும் அவரிடம் வரலாம். கடைசியாகச் சரிபார்ப்பது பொதுவாக ஃபார்மசிஸ்ட். நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் அவர்தான். "இதோட என் பிரஷர் மாத்திரையையும் போடலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டால், விடை தெரிந்திருந்தாலும் டெக்னீஷியன் ஃபார்மசிஸ்ட்டைத்தான் கூப்பிட வேண்டும்.

இந்த வேலைக்கு யார் தகுதியானவர் என்று முடிவு செய்வது வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு இல்லை. போதை தரக்கூடிய மருந்துகளைக் கையாளுவதற்கும் நோயாளியின் விவரங்களைக் காப்பதற்கும் மத்தியச் சட்டங்கள் உண்டு. ஆனால் தொழில் உரிமம் கொடுக்கும் அதிகாரம் மாநிலங்களுடையது. பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தின் ஃபார்மசி வாரியம் அதைச் செய்கிறது. ஐம்பது மாநிலங்களுக்கும் பொதுவான ஒரு விதி இல்லை.

பலர் குழம்புவது அடுத்த இடத்தில். 1995இல் தொடங்கிய பி.டி.சி.பி. என்ற அமைப்பு ஒரு தேசியத் தேர்வு நடத்துகிறது. அதில் தேறியவர் பெயருக்குப் பின்னால் சி.பி.எச்.டி. என்று போட்டுக்கொள்ளலாம். என்.எச்.ஏ. என்ற அமைப்பும் எக்ஸ்-சி.பி.டி. என்ற தேர்வை நடத்துகிறது. இவை கொடுப்பது சான்றிதழ். வேலை செய்யும் அனுமதி மாநிலத்திடமிருந்து வர வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் சான்றிதழ் வாங்கினாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸ் எடுக்காமல் வண்டி ஓட்ட முடியாது அல்லவா, அது மாதிரி.

நான்கு பெரிய மாநிலங்களைப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

டெக்சாஸில் பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும், தேசியத் தேர்வில் தேற வேண்டும். தேர்வு எழுதாதவர் 'ட்ரெய்னி' என்று பதிவு செய்துகொண்டு வேலையில் சேரலாம். அந்தப் பதிவு இரண்டு வருடத்துக்குத்தான். அதைப் புதுப்பிக்க முடியாது, அதற்குள் தேறிவிட வேண்டும்.

ஃபுளோரிடாவில் வேறு மாதிரி. 17 வயது நிரம்பி, வாரியம் ஏற்றுக்கொண்ட பயிற்சியை முடித்தால் பதிவு செய்யலாம். தேசியத் தேர்வு அங்கே கட்டாயமில்லை. ஆக, டெக்சாஸ் தேர்வைக் கேட்கிறது, ஃபுளோரிடா பயிற்சியைக் கேட்கிறது.

கலிஃபோர்னியா பல வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது: தேசியச் சான்றிதழ், ஃபார்மசி டெக்னாலஜியில் இரண்டு வருடக் கல்லூரிப் பட்டம், வாரியம் வரையறுத்த பயிற்சி, ராணுவத்தில் பெற்ற பயிற்சி என்று. இவற்றில் ஒன்று இருந்தால் போதும். பள்ளிப் படிப்பும் கைரேகையும் எல்லோருக்கும் உண்டு.

நியூயார்க்கில் டெக்னீஷியன்களுக்கு மாநிலப் பதிவு நடைமுறைக்கு வந்ததே 2022இல்தான். அதுவும் மருத்துவமனை போன்ற இடங்களில் மருந்து கலப்பதில் உதவுபவர்களுக்காக வந்தது. தெருமுனை மருந்துக் கடைகளில், ஃபார்மசிஸ்ட்டின் மேற்பார்வையில், பதிவு இல்லாத உதவியாளர்கள் சட்டம் அனுமதித்த வேலைகளைச் செய்கிறார்கள்.

மாத்திரை எண்ணுகிற வேலைக்குக் கைரேகை எதற்கு, தேர்வு எதற்கு என்று கேட்கலாம். ஒஹாயோ மாநிலம் அந்தப் பதிலைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 2006இல் கிளீவ்லாந்தில் எமிலி ஜெர்ரி என்ற இரண்டு வயதுக் குழந்தை புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தாள். அவளுக்கான மருந்தை 0.9 சதவீத உப்புக் கரைசலில் கலந்திருக்க வேண்டும். டெக்னீஷியன் கலந்தது 23.4 சதவீதக் கரைசலில். 26 மடங்கு செறிவு. ஃபார்மசிஸ்ட்டின் பார்வையையும் அது தாண்டிப் போனது. குழந்தை இறந்துவிட்டாள். அப்போது ஒஹாயோவில் டெக்னீஷியன்களை மாநிலம் பதிவு செய்யவில்லை. ஃபார்மசிஸ்ட் தன் உரிமத்தை இழந்தார், சிறைக்கும் போனார். கலந்தவரைப் பற்றி விசாரித்து நடவடிக்கை எடுக்க வாரியத்துக்கு அதிகாரமே இல்லை. பெற்றோர் போராடினார்கள். 2009 ஜனவரியில் 'எமிலி சட்டம்' கையெழுத்தானது. டெக்னீஷியனுக்குக் குறைந்தபட்ச வயது, கல்வி, பின்னணிச் சோதனை, திறன் தேர்வு எல்லாம் ஒஹாயோவில் வந்தது அதன் பிறகுதான். விண்ணப்பத்தில் இருக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பும்போது இந்தக் குழந்தையை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி தேர்வு. பி.டி.சி.பி. தேர்வில் 90 கேள்விகள், விடை எழுத ஒரு மணி 50 நிமிடம். அதில் 80 கேள்விகளுக்குத்தான் மதிப்பெண். மதிப்பெண் அளவு 1000 முதல் 1600 வரை, தேற 1400 வேண்டும். 2020 முதல் யார் வேண்டுமானாலும் நேராகப் போய் எழுத முடியாது. பி.டி.சி.பி. ஏற்றுக்கொண்ட பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அல்லது 500 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும். டெக்சாஸின் ட்ரெய்னி பதிவு இங்கேதான் கைகொடுக்கிறது: சம்பளம் வாங்கிக்கொண்டே அந்த 500 மணி நேரத்தைச் சேர்க்கலாம். சான்றிதழை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் 20 மணி நேரத் தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பி.ஃபார்ம். முடித்துவிட்டுப் போனவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பட்டதாரி அங்கே ஃபார்மசிஸ்ட் ஆவதற்கான தகுதிச் சான்றுக்கு, 2003 முதல் பட்டம் பெற்றவர்கள் குறைந்தது ஐந்து வருடப் படிப்பு படித்திருக்க வேண்டும். நம் பி.ஃபார்ம். நான்கு வருடம். 2008இல் இந்தியாவில் தொடங்கிய ஆறு வருட ஃபார்ம்.டி.க்கு அந்தத் தடை இல்லை. அதனால் பி.ஃபார்ம். படித்த பலருக்கு டெக்னீஷியன் வேலை திறந்திருக்கும் கதவாகிறது. படித்த படிப்புக்கு இது குறைவு என்று மனம் சுருங்க வேண்டியதில்லை. மருந்தியல் தெரிந்த கை அந்தக் கவுன்ட்டருக்கு ஒரு வரம். புதிதாகப் படிக்க வேண்டியது அந்நாட்டுச் சட்டமும் மருந்துப் பெயர்களும்: நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பூட்டமால் அங்கே அல்பூட்டரால்.

விசாவையும் மறக்கக் கூடாது. எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு 2015 முதல் வேலை அனுமதி அட்டை கிடைக்கிறது. மாநில உரிமம் அந்த அட்டைக்கு மாற்றாகாது. இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

ஆக, வரிசை இதுதான். முதலில் வசிக்கும் மாநிலத்து வாரியத்தின் இணையதளத்தில் விதியைப் படியுங்கள். பிளஸ் டூ சான்றிதழுக்கு மதிப்பீட்டு அறிக்கை கேட்கிறார்களா என்று பாருங்கள். அடுத்து ட்ரெய்னியாகச் சேர வழி இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய மருந்துக் கடை நிறுவனங்கள் பல, வேலையில் சேர்த்துக்கொண்டே பயிற்சியும் தருகின்றன. கட்டணப் பயிற்சி கடைசியில்தான். அப்போதும் அந்த நிறுவனத்தை வாரியமோ பி.டி.சி.பி.யோ ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "எல்லா மாநிலத்துக்கும் இந்த ஒரு கோர்ஸ் போதும்" என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். நாளைக்கு வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் தேசியச் சான்றிதழ் கூடவே வரும். மாநில உரிமத்துக்கு மட்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பெட்டி கட்டும் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட்டால், சம்பளம் இல்லாத மாதங்களைத் தவிர்க்கலாம்.