வானின் கண்ணாடி ஏறாவிட்டால் பழுதை எங்கே தேடுவது?

இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் சிலவற்றுக்கு, காணி கைக்கு வரும்வரை, பழைய வான் ஒன்றே சீவியத்துக்கு வழி. மரக்கறி மூடைகளும் பள்ளிப் பிள்ளைகளும் அதிலேயே செல்கின்றனர். மாரி மழையில் அதன் மின் கண்ணாடி மேலே ஏறாது நின்றுவிட்டால் அன்றைய உழைப்பும் நின்றுவிடும். உடனே புது மோட்டர் வாங்கக் கடன்படுகிறோம். ஆனால் பழுது எப்போதும் மோட்டரில்தான் இருக்கும் என்றில்லை. எனவே, செலவு செய்யுமுன் ஒழுங்காகத் தேடுவோம்.

கதவுக்குள் 12 வோல்ற் மின்னில் சுழலும் சிறு மோட்டர் ஒன்று உண்டு. அது கம்பி வடத்தையோ பற்சக்கரத்தையோ இழுத்துக் கண்ணாடியை ஏற்றி இறக்குகிறது. சுவிச்சை மாற்றி அழுத்தும்போது மின் எதிர்த் திசையில் பாய, மோட்டரும் எதிர்ப்புறமாகச் சுழலும்.

1. எல்லாக் கண்ணாடிகளும் ஒன்றாக நின்றால் முதலில் பியூசைப் பார்க்க வேண்டும். எரிந்திருந்தால் அதே அம்பியர் அளவுள்ள பியூசையே போடவும். அதற்குப் பதிலாகச் செப்புக் கம்பி சுற்றினால் வயர் சூடேறி வானே தீப்பற்றக்கூடும். சாரதியின் கண்ணாடி மட்டும் இயங்கினால், அவரது கதவிலுள்ள பூட்டுச் சுவிச் அழுந்தியுள்ளதா எனப் பார்க்கவும்.

2. ஒரு கண்ணாடி மட்டும் நின்றால், வானின் உள்விளக்கை எரியவிட்டுச் சுவிச்சை அழுத்துங்கள். வெளிச்சம் சற்று மங்கினால் மின் மோட்டருக்குச் செல்கிறது, ஏதோ இறுகிவிட்டது. மோட்டர் சத்தமிட்டும் கண்ணாடி அசையாவிட்டால் வடம் அறுந்திருக்கும் அல்லது பல் தேய்ந்திருக்கும். இரண்டும் இல்லையெனில் சுவிச், வயர், மோட்டர் என்ற வரிசையில் தேடவும்.

3. ஒரு சுவிச்சில் இயங்கி மற்றதில் இயங்காவிட்டால், இயங்காத சுவிச்சைக் கழற்றி, கறுத்துப்போன தொடுமுனைகளைத் துப்புரவாக்க வேண்டும்.

4. கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள றப்பர்க் குழாய்க்குள் வயர்கள் செல்கின்றன. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அவை மடிவதால், மேலுறை நன்றாயிருக்க உள்ளே செம்பு முறிந்துவிடும். சுவிச்சை அழுத்தியபடி கதவை அசைக்கும்போது கண்ணாடி திடீரென அசைந்தால் பழுது அங்கேதான். ஒரு முழ வயரும் ஈயப்பற்றும் போதும்.

5. இறுதியாக, மோட்டரின் இணைப்பைக் கழற்றி, பற்றறியிலிருந்து பியூஸ் உள்ள வயரால் நேரே மின் கொடுங்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட எமக்கு இது கடினமன்று. அப்போதும் சுழலாவிட்டால் மட்டுமே மோட்டரைத் திருத்தவோ மாற்றவோ வேண்டும்.

கண்ணாடி மெதுவாக ஏறினால் றப்பர்த் தவாளிப்பிலுள்ள புழுதியைக் கழுவி, சிலிக்கன் பூசவும். இயந்திர எண்ணெய் றப்பரைக் கெடுத்துவிடும். மோட்டரைக் கழற்றுமுன் கண்ணாடியைக் கட்டையால் முட்டுக்கொடுங்கள். அது விழுந்தால் விரல்கள் நசியும். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.

வேலை தெரிந்த ஒருவர் இதனைச் செய்யும்போது எமது இளைஞர்களும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கடனாகப் போகவிருந்த பணம் அடுத்த போகத்தின் விதைக்கு மிஞ்சும். வீட்டில் ஒருவருக்குக் கைத்தொழிலும் பழகும்.