ஏபிஎஸ் லைட் எரியுது... ஆயில் மூடியில் வெள்ளைப் பசை! பழைய காரில் ஜவ்வாது மலை இறங்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜமுனாமரத்தூர். ராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற 12 வருடப் பழைய கார். ஆயில் அளவைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று பானட்டைத் திறந்து மூடியைக் கழற்றினால், அடியில் கெட்டி மோர் மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் மஞ்சள் நிற ‘ஏபிஎஸ்’ லைட் எரிந்து, அணையவே மாட்டேன் என்கிறது. கீழே போளூர் போக வேண்டும். நடுவில் இருப்பதெல்லாம் இறக்கமும் வளைவும்தான்.

இறங்கலாமா, வேண்டாமா? செகண்ட் ஹேண்ட் கார் வைத்திருக்கும் பலருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான் இது. இந்த மலைப்பாதைகளில் அலட்சியம் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 2-ம் தேதி, திருப்பத்தூர் மாவட்டப் பகுதி ஜவ்வாது மலையில் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் உயிரிழந்தனர்.

மஞ்சள் லைட் எரிந்தால் பிரேக் போயிடுச்சா?

இல்லை. மஞ்சள் லைட் மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும். ஏபிஎஸ் மட்டும் தன்னைத்தானே ஆஃப் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஏபிஎஸ் செய்வது ஒரே வேலை. அவசரமாக பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் சுழலாமல் இறுகி நின்றுவிடாதபடி, பிரேக் அழுத்தத்தை ஒரே நொடியில் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கும். முன்சக்கரம் இறுகிவிட்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகத்தான் வழுக்கிப் போகும். கொண்டை ஊசி வளைவில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்தால் போதும். இந்தியாவில் விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முன்பு பல மாடல்களில் விலை கூடிய வேரியன்ட்டில் மட்டுமே இது கிடைத்தது.

ஆக, மஞ்சள் லைட்டோடு மெதுவாக இறங்கலாம். சக்கரம் இறுகி வழுக்குவது தெரிந்தால், பிரேக்கைக் கொஞ்சம் விட்டு மறுபடி அழுத்த வேண்டும். ஏபிஎஸ் செய்கிற வேலையை இப்போது கால் செய்கிறது, அவ்வளவுதான்.

மஞ்சளோடு சிவப்பு பிரேக் லைட்டும் எரிந்தால் கதை வேறு. முதலில் ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பானட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு. இரண்டும் சரியாக இருந்தும் சிவப்பு அணையவில்லை என்றால், முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பும் சேர்ந்து நின்றிருக்கலாம். பின்சக்கரம் முதலில் இறுகினால் வண்டி அப்படியே சுற்றிவிடும். அந்த நிலையில் மலை இறங்கக் கூடாது.

எதனால் வருகிறது?

பெரும்பாலும் சின்ன விஷயம்தான். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் வேகத்தை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. அதில் சேறும் இரும்புத் துகளும் ஒட்டும். மண் ரோட்டில் கல் அடித்து வயர் அறுபடும். ஃபியூஸ் போகும். பேட்டரி வீக்காக இருந்தாலும், நான்கு டயரில் ஒன்று மட்டும் வேறு சைஸாக இருந்தாலும்கூட லைட் வரும். மெதுவாகப் போய் நிற்கும்போது, சாதாரண ரோட்டிலேயே பெடல் காலுக்கடியில் கடகடவென அதிர்ந்தால், சென்சார் படிக்கும் பல் வளையத்தில் துரு அல்லது விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம்.

சென்சாரை மாற்றுவதற்கு முன் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் கோளாறை மட்டுமே காட்டும். ஏபிஎஸ் கோளாறையும் படிக்கும் கருவி வேண்டும். எந்தச் சக்கரம் என்று அதுவே சொல்லிவிடும். இல்லையென்றால் நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டு அதற்கும் பில் கட்ட வேண்டி வரும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் லைட் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையா? சந்தோஷப்படாதீர்கள். யாரோ பல்பைக் கழற்றி வைத்திருக்கலாம்.

சரி, அந்த வெள்ளைப் பசை?

தண்ணீரும் ஆயிலும் கலந்தால் அந்த நிறம் வரும். கேள்வி என்னவென்றால், தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் ஓடும் காரில் இன்ஜின் முழுசாகச் சூடாவதே இல்லை. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறாமல், குளிர்ந்த மூடியில் போய்ப் படிகிறது. மழை, குளிர் மாதங்களில் இது சகஜம். துடைத்துவிட்டு நீண்ட தூரம் ஓட்டினால் பெரும்பாலும் திரும்ப வராது.

பயப்பட வேண்டியது, கூலன்ட் ஆயிலோடு கலந்திருந்தால்தான். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதிலும் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறதா, கூலன்ட் குறைந்துகொண்டே போகிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா? இருந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வர வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஏற்றிக்கொண்டு போவதுதான் மிச்சம்.

மூடியே சரியாக உட்காரவில்லை என்றால் அதில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். விலை குறைவு, உடனே மாற்றலாம். மூடி தொலைந்துவிட்டால் துணியை அடைக்கும் பழக்கம் வேண்டாம். துணி இன்ஜினுக்குள் போகும். தெறிக்கும் ஆயில், சூடான சைலன்சர் பைப்பில் பட்டால் தீப்பிடிக்கவும் செய்யும்.

இன்னொரு ஆபத்து பெயரிலேயே இருக்கிறது. நாம் ‘பிரேக் ஆயில்’ என்றுதான் சொல்கிறோம். அது ஆயிலே கிடையாது. அந்த டப்பாவில் இன்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பி, பிரேக் மொத்தமாகவே போய்விடும். மூடியில் ‘டாட் 3’ அல்லது ‘டாட் 4’ என்று எழுதியிருக்கும். அதைத்தான் ஊற்ற வேண்டும்.

லைட்டே எரியாத ஆபத்து

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழையதில் அந்த வரம்பு 155 டிகிரிக்கே இறங்கிவிடும். மலை முழுக்க பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் அந்தச் சூடு சுலபமாக வரும். திரவம் கொதித்து ஆவியானால் பெடல் மெத்தென்று தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஏபிஎஸ் நன்றாக இருந்தாலும் இதைக் காப்பாற்ற முடியாது. டேஷ்போர்டில் எச்சரிக்கையும் வராது.

அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்வது. இரண்டாம் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற வேலை இங்கே ஆகாது. கருகிய வாசனை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, தானாக ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிரேக் ஆயிலைப் பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு சோதனை: இன்ஜின் ஓடும்போது பிரேக்கை நன்றாக அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் கல் மாதிரி நின்றால், மஞ்சள் லைட் எரிந்தாலும் மெதுவாகப் போளூர் வந்து மெக்கானிக்கைப் பார்க்கலாம். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.