பந்தும் கிண்ணமும் இடம் மாறிய தோள்

கையைத் தூக்கும்போது இழுப்பது டெல்டாய்டு தசை. தோளின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் பருத்த சதை. ஆனால் அது தனியாக இழுத்தால் கை உயராது. மேற்கை எலும்பின் பந்து போன்ற தலை அப்படியே மேலே நழுவி, தோளின் முகட்டில் போய் இடிக்கும். அந்தப் பந்தைத் தோள்பட்டை எலும்பிலுள்ள கிண்ணத்தோடு அழுத்திப் பிடித்து, அந்த இழுப்பைச் சுழற்சியாக மாற்றுபவை ஆழத்தில் மூட்டைச் சுற்றியுள்ள நான்கு சிறிய தசைகள். முதுமையில் இவற்றின் தசைநார்கள் கிழிந்து, தைக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடுவதுண்டு. பிறகு தலை வாரக்கூடக் கை எழாது.

இப்படித் தசைநார் கிழிந்தவர்களுக்கு வழக்கமான செயற்கை மூட்டும் கைகொடுப்பதில்லை. பிடித்துவைக்கத் தசை இல்லாததால் உலோகப் பந்தும் மேலேறும். கிண்ணத்தின் மேல்விளிம்பை ஓயாமல் அழுத்தி, எலும்பிலிருந்து பெயர்த்துவிடும்.

பந்தைத் தோள்பட்டை எலும்பிலும் கிண்ணத்தைக் கையிலும் வைத்துவிட்டால்? இந்த யோசனை 1970களிலேயே பலருக்கு வந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் முயன்று கைவிட்டார். அந்நாளைய வடிவங்களில் பந்து எலும்பை விட்டுத் துருத்தி நின்றதால், கை அசையும்போதெல்லாம் எலும்பில் பதிந்த பிடிமானத்தை நெம்பியது.

பிரான்சின் டிஜோன் நகரத்து அறுவை மருத்துவர் பால் கிராமோன் அந்தத் துருத்தலையே ஒழித்தார். 1985இல் அவர் செய்த பந்து, கோளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 1991இல் வந்த டெல்டா 3இல் சரிபாதி. பாதிக் கோளத்தின் மையம் அதன் தட்டைப் பரப்பில்தானே இருக்கும்? அந்தப் பரப்பை எலும்போடு ஒட்டி உட்காரவைத்தால் சுழலும் மையமும் அங்கேயே அமைகிறது. நெம்புவதற்கு நீளமில்லை, விசை எலும்பை அழுத்துகிறதே தவிரப் பெயர்ப்பதில்லை. இந்த மூட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மையம் உட்புறம் தள்ளிப்போனதில் டெல்டாய்டுக்கும் லாபம்: கீலை விட்டு விலகிக் கைவைத்துத் தள்ளும் கதவு போல, அதே இழுப்புக்குக் கை எளிதாக எழுகிறது. கை சற்றுக் கீழே இறங்குவதால் தசையும் தளராமல் விறைப்பாக நிற்கிறது.

இதற்கு விலையும் உண்டு. கிராமோனின் கிண்ணம் 155 பாகைச் சாய்வில் ஏறக்குறையப் படுத்திருந்தது. கையை உடலோடு ஒட்டும்போது கிண்ணத்தின் உள்விளிம்பு தோள்பட்டை எலும்பின் கீழ்ப்பகுதியில் உரசி, அங்கே பள்ளம் விழுந்தது. கிண்ணத்தின் பாலிஎத்திலீனும் தேய்ந்தது. கையை வெளிப்பக்கம் திருப்பும் வலுவும் குறைந்தது. அமெரிக்காவின் மார்க் ஃபிராங்கிள் மையத்தைச் சில மில்லிமீட்டர் மீண்டும் வெளியே கொண்டுவந்து, சாய்வை 135 பாகையாக்கினார். நெம்பும் விசை கூடினாலும், பந்தைத் தாங்கும் தட்டை எலும்பில் பிடிக்கும் ஸ்குருக்கள் இப்போது அதைத் தாங்குமளவு வலுப்பெற்றிருந்தன. நீஸ் நகரின் பாஸ்கல் புவாலோ வேறு வழி கண்டார். எப்படியும் வெட்டியெடுக்கும் மேற்கை எலும்பின் தலையிலிருந்து ஒரு வில்லையைச் செதுக்கி, அந்தத் தட்டுக்கு அடியில் வைத்தார். வில்லை எலும்போடு கூடிவிட்டால் பந்தும் வெளியே வந்துவிடும், மையமும் எலும்பின் மேலேயே இருக்கும்.

அறுவை அரங்கில் பல தடிமன்களில் மாதிரிக் கிண்ணங்கள் தயாராக இருக்கும். ஒன்றைப் பொருத்தி, கையைத் தூக்கியும் திருப்பியும் இழுத்தும் பார்ப்பார்கள். தளர்வாக இருந்தால் மூட்டு நழுவும். அளவுக்கு மீறி இறுகினால் நரம்பு இழுபடலாம். எதை மாட்டினாலும் கையைத் தூக்கப்போவது டெல்டாய்டு ஒன்றே. ஆகவே அதை இயக்கும் அக்குள் நரம்பு செயலோடு இருக்கிறதா என்பதை முன்பே சோதித்துவிடுகிறார்கள். அது செத்திருந்தால் இந்த மூட்டைப் பொருத்துவதில்லை.