பந்து வீசுவோர் துடுப்பும் ஏந்தல் வேண்டுமோ?

ஒரு கல்லூரியின் பெருமையைப் பரீட்சைப் பெறுபேறுகள் ஒரு பாதி கூறும். மாலை வேளையில் அதன் மைதானம் மறுபாதி கூறும். அம்மைதானத்து மாணாக்கரிடையேயும், வேலியோரம் நின்று அவர்தம் ஆட்டத்தைக் கண்டுகளிக்கும் பழைய மாணவரிடையேயும் அடிக்கடி எழும் வினாவொன்றுண்டு. பந்து வீசுவதில் வல்லவனாகிய ஒரு மாணவன் துடுப்பாட்டத்திலும் பயிற்சி பெறல் வேண்டுமோ? அன்றி, வீச்சொன்றையே தன் கடமையாகக் கொண்டு, துடுப்பை ஏனையோரிடம் விட்டுவிடல் தகுமோ? சிறு வினாப்போலத் தோன்றினும், ஒரு பிள்ளையின் வளர்ச்சியும், அவன் உடல்நலமும், கல்லூரி விளையாட்டின் நோக்கமும் இதனுள் அடங்கிக் கிடக்கின்றன. ஆதலின் யாம் ஈண்டு இதனைச் சிறிது விரித்து ஆராயப் புகுகின்றோம்.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே இளையோர் ஆடும் மென்பந்தாட்டத்தில் இது நெடுங்காலமாக வாதிக்கப்பட்டு வருவதொன்று. இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்தல் நலம். நம்மூரில் மென்பந்து என்றால் ரெனிஸ் பந்து கொண்டு ஆடும் கிரிக்கெட்டையே குறிக்கும். அமெரிக்காவிலும் யப்பானிலும் அப்பெயர் தாங்கிய ஆட்டம் வேறு. அது பேஸ்போல் என்னும் ஆட்டத்தின் தங்கை எனலாம். 1887 ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் ஜோர்ஜ் ஹான்கொக் என்பார், மண்டபத்துள் ஆடுதற்கென அதனை வகுத்தார். அதன் பந்து 12 அங்குலச் சுற்றளவுடையது. வீசுபவர் கையைச் சுழற்றி, இடுப்பளவிற் கீழிருந்தே பந்தை விடுதல் வேண்டும். மகளிர் ஆட்டத்தில் 43 அடித் தொலைவிலிருந்தே பந்து வருதலின், அடிப்பவர் சிந்திக்கும் நேரம் கண்ணிமைப் பொழுதே. பெயரில் மென்மை இருப்பினும் ஆட்டத்தில் மென்மை இல்லை.

அவ்வாட்டத்தில் வீசுபவருக்குத் துடுப்பிலிருந்து விலக்களிக்கும் விதியொன்று உண்டு. களத்தடுப்பில் நிற்கும் ஒருவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே மற்றொருவரை நியமிக்கலாம். பெரும்பாலும் அவ்விலக்குப் பெறுபவர் பந்து வீசுபவரே. பேஸ்போலிலும் அமெரிக்கப் பெருஞ்சங்கங்கள் இரண்டனுள் ஒன்று 1973 ஆம் ஆண்டில் இம்முறையைக் கைக்கொண்டது. மற்றையது ஏறக்குறைய அரை நூற்றாண்டு பொறுத்து, 2022 ஆம் ஆண்டில் நிரந்தரமாக ஏற்றுக்கொண்டது. ஆகவே முதிர்ந்த தொழில்முறை ஆட்டத்தில், வீசுபவர் வீசுக, அடிப்பவர் அடிக்க என்னும் தீர்ப்பே வென்றது எனலாம்.

அத்தீர்ப்புக்குக் காரணங்கள் மூன்று கூறுவர். ஒன்று, வீசுபவர் தோளும் முதுகும் பெருஞ்சுமை தாங்குவன. துடுப்பும் தந்து மேலும் அவரை வருத்தலாகாது என்பது. இரண்டாவது, ஒவ்வொரு தொழிலையும் அதில் வல்லாரே செய்தால் அணி வலுப்பெறும் என்பது. மூன்றாவது, ஒருவர் விலகுமிடத்து இன்னொரு பிள்ளைக்கு ஆடும் வாய்ப்புக் கிட்டும் என்பது. மூன்றும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல.

இரண்டாங் காரணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வல்லானை அறிந்து அவன்பால் வினையை ஒப்படைத்தல் வேண்டும் என்பது வள்ளுவர் தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரத்திற் காட்டும் நெறியன்றோ எனச் சிலர் கேட்கலாம். உண்மையே. ஆயின் திருக்குறளில் அவ்வதிகாரம் 52 ஆவது. அதற்கு முன்னே, 51 ஆவதாக, தெரிந்துதெளிதல் நிற்கின்றது. ஆராய்ந்து தெளிந்த பின்னரே வினையை ஒப்படைத்தல் என்பதே அவ்வைப்பு முறையின் கருத்து. பதின்மூன்று வயதுச் சிறுவனைப் பற்றி நாம் தெளிந்தது யாது? அவன் இன்னும் உயரம் வளர்ந்து முடியவில்லை, தோள் திரளவில்லை, தன் கையின் இயல்பு இன்னதென அவனே அறியான். தெளியும் பருவத்தில் வினையை வரையறுத்தல் முறைவழுவாகும்.

இதற்கு உலகம் தரும் சான்றுகள் பல. பேஸ்போலில் பெரும்புகழ் எய்திய பேப் ரூத், பால்டிமோர் நகரத்துச் சென் மேரிஸ் கைத்தொழிற் பாடசாலையில், பிறதர் மத்தியாஸ் என்னும் துறவியின் பார்வையில் ஆட்டம் பயின்ற சிறுவர். 1914 ஆம் ஆண்டில் பொஸ்டன் அணியில் அவர் சேர்ந்தது பந்து வீசுபவராகவே. வீசுபவராக 94 வெற்றிகளும் பெற்றார். ஆயினும் உலகம் இன்று அவரை நினைப்பது 714 முறை பந்தை எல்லைக்கப்பால் அடித்தமைக்காகவே. வீசுபவன் என்று பாடசாலையில் அவர் துடுப்பைப் பறித்திருந்தால் அப்பெயரை நாம் கேட்டிருக்க மாட்டோம்.

நம் காலத்தில் யப்பானியராகிய ஷோஹெய் ஒஹ்தானி இவ்விரு தொழிலையும் ஒருங்கே செய்து காட்டினார். 2021 ஆம் ஆண்டில் வீசுபவராக 9 வெற்றிகள் பெற்றதோடு 46 முறை பந்தை எல்லை தாண்டவும் அடித்து, தம் சங்கத்தின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவானார். அவர் முழங்கையில் 2018 இலும் 2023 இலும் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. சுமை மிகும் என்போர் கூற்றுக்கு இது சான்றே. ஆயினும் அடுத்து நிகழ்ந்ததையும் காண்க. 2024 ஆம் ஆண்டு முழுவதும் அவர் பந்து வீசவில்லை. துடுப்பு மட்டுமே ஏந்தி 54 முறை எல்லை தாண்ட அடித்து, மீண்டும் மிகச் சிறந்த வீரரானார். வீச்சொன்றே கற்றவனுக்குத் தோள் நோவுற்றால் அவ்வாண்டு முழுதும் இழப்பு. இரண்டும் கற்றவனுக்கு ஒரு கதவு அடைபட்டால் மறுகதவு திறந்திருக்கும்.

இனி நம் கிரிக்கெட்டுக்கு வருவோம். இங்கே நிலைமை வேறு. கிரிக்கெட்டின் மூல விதிகளில் வீசுபவருக்குத் துடுப்பிலிருந்து விலக்கில்லை. பதினொருவரில் இறுதியானவனும் ஒருநாள் தலைக்கவசம் அணிந்து நடந்துசெல்ல வேண்டியவனே. அந்நடை எத்துணைப் பொருளுடையது என்பதை இலங்கையர் நன்கறிவர். 2010 ஆம் ஆண்டு நவம்பரில் மெல்பேணில் அவுஸ்திரேலியாவுக்கெதிரே 240 ஓட்டங்களை நாடிய நம் அணி, 107 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுக்களை இழந்து நின்றது. அஞ்சலோ மத்தியூசும், பந்துவீச்சாளராகிய லசித் மாலிங்கவும் சேர்ந்து 132 ஓட்டங்கள் பெற்றனர். அவற்றுள் மாலிங்கவினுடையவை 56. அவர் ஆட்டமிழந்தபின் வந்து வெற்றி ஓட்டத்தை அடித்தவர் முத்தையா முரளிதரன். டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுக்கள் வீழ்த்திய அப்பெருமகனுக்கும் அன்று துடுப்பே துணையாயிற்று.

2019 ஆம் ஆண்டு பெப்ரவரியில் டேர்பனில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. 304 ஓட்டங்கள் தேவை. 226 இல் ஒன்பதாவது விக்கெட் வீழ்ந்தது. குசல் பெரேராவோடு இறுதி ஆட்டக்காரராக விஷ்வ பெர்னாண்டோ இணைந்தார். வெற்றிக்கு வேண்டிய 78 ஓட்டங்களும் அவ்விணையாலேயே பெறப்பட்டன. அவற்றுள் விஷ்வ பெற்றவை 6 மட்டுமே. ஆயினும் அவர் 27 பந்துகளைத் தாங்கி நின்றார். அவ்வாறு ஓட்டங்கள் ஆறேனும், அந்நிலைப்பாடு ஒரு டெஸ்ட் வெற்றியின் விலை. பந்துவீச்சாளர் துடுப்புக் கற்க வேண்டும் என்று யாம் கூறுவது அவர் சதமடிக்க வேண்டும் என்பதற்கன்று. தோழன் மறுமுனையில் போராடும்போது தன் முனையைக் காக்கத் தெரிந்திருத்தல் வேண்டும் என்பதற்கே.

எவர் எத்தொழிலிற் சிறப்பார் என்று இளமையிற் கூறல் அரிதென்பதற்கும் சான்றுகள் நம்மருகே உள்ளன. சனத் ஜயசூரிய தேசிய அணியில் முதலில் இடங்கை சுழற்பந்து வீச்சாளராகவே பெரிதும் கருதப்பட்டவர். 1996 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஆரம்பத் துடுப்பாட்டக்காரராக நின்று தொடரின் சிறந்த வீரரானார். மறு ஆண்டு இந்தியாவுக்கெதிரே டெஸ்ட் ஆட்டமொன்றில் 340 ஓட்டங்கள் குவித்தார். இதற்கு மறுதலையாக, சென்னையிற் பிறந்த இரவிச்சந்திரன் அஸ்வின் சிறுவயதில் ஆரம்பத் துடுப்பாட்டக்காரர். பின்னர் சுழற்பந்து வீச்சாளராகி 537 டெஸ்ட் விக்கெட்டுக்கள் வீழ்த்தினார். ஆறு சதங்களும் அடித்தார். மகளிரில், நம் நாட்டுச் சமரி அத்தபத்து துடுப்பாட்டத்தைத் தொடக்குபவர், சுழற்பந்தும் வீசுபவர். அவர் தலைமையில் 2024 ஆம் ஆண்டு தம்புள்ளையில் இலங்கை மகளிர் ஆசியக் கிண்ணத்தை வென்றனர்.

சுமை பற்றிய முதற் காரணத்துக்கு விடை யாது? சுமை உண்மை. வளரும் வயதில் மிகையாக வேகப்பந்து வீசுவோர்க்கு இடுப்பு முள்ளெலும்பில் வெடிப்பு ஏற்படுதல் மருத்துவர் நன்கறிந்தது. ஆயின் அந்நோயை விளைப்பது வீச்சு, துடுப்பன்று. ஆதலின் குறைக்க வேண்டியது ஓவர்களின் எண்ணிக்கையையே. அமெரிக்கச் சிறுவர் பேஸ்போல் அமைப்பாகிய லிட்டில் லீக், 2007 ஆம் ஆண்டு முதல் வீச்சுக்களை எண்ணி வரையறுத்தது. 11, 12 வயதினர் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசலாகாது. நல்ல வீச்சாளன் ஒருவன் கிடைத்துவிட்டால் ஒரு முனையை அவனிடமே ஒப்படைத்துவிட்டு, களைத்துப்போவான் என்று துடுப்பை மட்டும் மறுப்பது, நோய்க்கு மருந்தை விடுத்து உணவை நிறுத்துவதை ஒக்கும்.

அன்றியும், கிரிக்கெட்டில் துடுப்புக் கல்லாமையே ஓர் ஆபத்து. இறுதியில் வரும் மாணவனுக்கும் அதே கடினபந்துதான் வரும். காலை நகர்த்தவும், பந்தினின்று கண்ணை எடாதிருக்கவும், எழும்பி வரும் பந்துக்குத் தலையை விலக்கவும் பயிலாதவன் விரலும் விலாவும் அடிபடுகின்றான். விலக்கில்லாத ஆட்டத்தில் பயிற்சியின்றி ஒருவனை அனுப்புதல் அவனுக்குச் செய்யும் சலுகையாகாது, கேடேயாகும்.

மூன்றாங் காரணமே எம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. ஒருவன் விலகினால் இன்னொரு பிள்ளை ஆடுவான் என்னும் கருத்தில் இரக்கமுண்டு. ஆனால் ஒருவனிடம் பறித்து மற்றவனுக்குக் கொடுத்தல் ஒன்றே வழியன்று. லிட்டில் லீக் விதிகளில், வந்திருக்கும் பிள்ளைகள் அனைவரும் வரிசையாக அடிக்கும் முறைக்கும் இடமுண்டு. பெரியோர் ஆட்டத்திலும் விலக்கின் தீமை உணரப்பட்டது. 2023 ஆம் ஆண்டில் இந்திய பிரிமியர் லீக், ஆட்டத்தின் நடுவே ஒருவருக்குப் பதிலாக மற்றொருவரை இறக்கும் விதியைக் கொணர்ந்தது. அதனால் வீசுபவர் துடுப்பெடாதும் துடுப்பாட்டக்காரர் வீசாதும் ஒதுங்கலாயினர். சகலதுறை ஆட்டக்காரர் வளர்ச்சிக்கு இது தடையென்று இந்திய அணித்தலைவராயிருந்த ரோஹித் சர்மாவே 2024 இல் வெளிப்படையாகக் கூறினார்.

இனி, நம் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களை நோக்குவோம். கப்பல்துறை ஒழுங்கைகளிலும் வெளிகளிலும் சிறுவர் தென்னம்மட்டையைச் செதுக்கித் துடுப்பாக்கி ஆடுகின்றனர். அங்கே எல்லோரும் வீசுவர், எல்லோரும் அடிப்பர். முறை வந்தும் துடுப்புத் தராவிடில் ஆட்டமே கலைந்துவிடும். அச்சிறுவன் பாடசாலை அணியிற் சேர்ந்ததும் நேர்வது யாது? பந்துவீச்சாளன் என்னும் பெயர் ஒட்டப்படுகின்றது. பயிற்சி வலையில் ஒரு மணி நேரம் பிறருக்கு வீசுகின்றான். அவன் முறை வருங்கால் பொழுது சாய்ந்துவிடும். கால்காப்பும் கையுறையும் பைக்குள் சென்றுவிடும். ஒழுங்கையில் இரண்டும் உடையவனாயிருந்தவன், கற்க வந்த இடத்தில் ஒன்றை இழக்கின்றான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சொந்தத் துடுப்போடு வந்து முதலில் அடிக்க, வசதியற்றவன் வீசிக்கொண்டே இருப்பதும் உண்டு. இஃது ஆட்டத்திறன் பற்றிய பிரிவன்று. பொருள் பற்றிய பிரிவு. கல்லூரி இதற்கு இடங்கொடுத்தல் ஆகாது.

ஆதலின் சில முறைகளை முன்வைக்கின்றோம். வாரத்தில் இரண்டு நாளேனும் பந்துவீச்சாளர் வலையில் முதலில் துடுப்பெடுக்கட்டும். கை களைக்குமுன், வெளிச்சம் குன்றுமுன் பயிலட்டும். 13 வயதுக்கும் 15 வயதுக்கும் உட்பட்டோரின் நட்புறவு ஆட்டங்களில் துடுப்பாட்ட வரிசை மாறி மாறி அமையட்டும். இன்று பதினோராவதாக வந்தவன் அடுத்த ஆட்டத்தில் நான்காவதாகச் செல்லட்டும். 17 வயதுப் பிரிவில் ஒவ்வொருவரின் சிறப்பும் தெளியத் தொடங்கும். 19 வயதுப் பிரிவில் வரிசையை அணித்தலைவனும் பயிற்றுநரும் வெற்றி கருதி வகுக்கலாம். ஒவ்வொருவனும் வீசிய ஓவர்களைப் பதிவேட்டில் எழுதி வைத்தல் பொறுப்பாசிரியர் கடமை. மாணவியர் ஆட்டத்துக்கும் இம்முறைகளே பொருந்தும். பழைய மாணவர் கல்லூரிக்கு உதவ விழையுங்கால், வெற்றிக் கிண்ணத்துக்கு முன் தலைக்கவசமும் கையுறையும் கால்காப்பும் நல்குவாராக. கருவி போதாமையே பல வீச்சாளர் கைக்குத் துடுப்பு எட்டாமைக்குக் காரணம்.

முதிர்ந்தோர் ஆட்டத்தில் தொழிற்பிரிவு வேண்டியதாகலாம். அதனை யாம் மறுக்கவில்லை. கல்லூரி மைதானமோ தொழிற்களமன்று; பயிற்களம். அங்கே வெற்றி ஒரு மாலைப்பொழுதுக்கு உரியது. கற்ற திறன் வாழ்நாள் முழுமைக்கும் உரியது. ஆதலின், இளம் பருவத்தில் பந்து வீசுவோர் யாவரும் துடுப்பும் ஏந்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.