அருவருப்பும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்!

"அம்மா, கால்லே ஏதோ கறுப்பா ஒட்டிக்கிட்டிருக்கும்மா!" என்று என் சின்னவன் அலறிக்கொண்டு ஓடி வந்தான். கோடை விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போயிருந்தோம். குளத்தில் இறங்கியிருக்கிறான். கணுக்காலில் கொழுகொழுவென்று ஓர் அட்டை! என் மாமியார் ஒரு பிடி உப்பைப் போட, சுருண்டு விழுந்தது. ஆனால் ரத்தம் மட்டும் வெகு நேரம் நிற்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எதுக்குப் பயப்படறே? அந்தக் காலத்து வைத்தியருங்க இதை விட்டுத்தான் கெட்ட ரத்தத்தை எடுப்பாங்க. ஸ்ரீரங்கத்துத் தன்வந்திரி கையிலேயே அட்டை இருக்கே!" என்றார் மாமியார். அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

சுசுருத சம்ஹிதையில் அட்டைக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அட்டையில் 12 வகை. 6 விஷமுள்ளவை, 6 விஷமில்லாதவை. அழுகல் நிறைந்த கலங்கல் நீரில் இருப்பது ஆகாது; தாமரை பூக்கும் தெளிந்த நீரில் இருப்பதே நல்லது என்கிறது அந்நூல். குழந்தைகள், முதியவர்கள், பெண்கள் போன்ற மென்மையானவர்களுக்கு, கத்தியைவிட இதுவே இதமான வழியாம். கடித்த இடத்தில் வலியும் அரிப்பும் கண்டால், நல்ல ரத்தத்தைக் குடிக்கிறது, உடனே எடுத்துவிடு என்றும் சொல்கிறது.

ரத்தம் ஏன் நிற்கவில்லை? அதன் எச்சில்தான் காரணம். மூன்று தாடைகளால் கடித்து, ரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளை உள்ளே செலுத்துகிறது. 1884-ல் ஜான் ஹேக்ராஃப்ட் என்ற விஞ்ஞானி இதைக் கண்டறிந்தார். 'ஹிருடின்' என்பது அதன் பெயர்.

இந்த எச்சில் இன்று அறுவை மருத்துவர்களுக்கும் கைகொடுக்கிறது. துண்டான விரலையோ காதையோ ஒட்டும்போது நுண்ணிய சிரைகளை இணைப்பது கஷ்டம். உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கி, அந்தப் பாகம் நீலம் பாரித்துவிடும். புதுச் சிரைகள் முளைக்கும்வரை தேங்கிய ரத்தத்தை அட்டை உறிஞ்சி எடுக்கிறது. 1985-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், நாய் கடித்துத் துண்டான 5 வயதுச் சிறுவனின் காதை டாக்டர் ஜோசப் அப்டன் இப்படித்தான் காப்பாற்றினார். 2004-ல் அந்நாட்டு அரசும் அட்டையை மருத்துவச் சாதனமாக ஏற்றுக்கொண்டது.

அதற்காகக் குளத்து அட்டையைப் பிடித்து நாமே வைத்தியம் செய்துவிடக் கூடாது, சகோதரிகளே! அட்டையின் குடலில் கிருமிகள் உண்டு. மருத்துவமனையில் அதற்காக மருந்தும் கொடுக்கிறார்கள். ஒருவருக்கு விட்ட அட்டையை இன்னொருவருக்கு விடுவதில்லை. ரத்த சோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டை வைத்தியத்தை நினைக்கவே வேண்டாம். மற்றவர்களும் தேர்ந்த மருத்துவரிடம் மட்டுமே போகவேண்டும்.

குழந்தையை அட்டை கடித்துவிட்டால்:

* உப்பு, சுண்ணாம்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். அட்டை கக்கினால் கிருமி புண்ணில் இறங்கும். (நாங்கள் செய்தது தப்பு!)
* மெல்லிய முனைதான் அதன் வாய். அதனடியில் நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளுங்கள், பிறகு மறுமுனையை.
* சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.
* மூக்கிலோ வாயிலோ புகுந்திருந்தாலும், ரத்தம் நிற்காவிட்டாலும், புண் சிவந்து வீங்கினாலும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

தன்வந்திரி கையில் இருப்பது அட்டைதான். ஆனால் அது வைத்தியர் கையில் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது!