சவேரியாரின் மயிலைச் செலவு

பிரான்சிசு சவேரியார் 1545ஆம் ஆண்டு நாகப்பட்டினத்திலிருந்து மயிலாப்பூருக்குக் கால்நடையாகச் சென்றார் என்பது அவர் வரலாறு எழுதினோர் கூறும் செய்தி. தோமையார் கல்லறையை நாடிய இச் செலவைத் திருயாத்திரை என்றே பலரும் கொண்டனர். ஆயினும், அவர் முதலில் புறப்பட்டது கப்பலில். காற்று எதிர்த்தமையால் திரும்பிய பின்னரே நடந்தார். அங்ஙனமாயின் இதனை யாத்திரை எனல் பொருந்துமா என்னும் ஐயம் எழுகின்றது. அவர்தம் கடிதங்கள் இரண்டைக்கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

திருத்தந்தை மூன்றாம் பவுலின் தூதர் என்னும் பதவியோடு 1542இல் கோவா வந்தவர் சவேரியார். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே அவர் உழைத்து வந்த காலத்தே, 1544இல், மன்னாரில் புதிதாகக் கிறித்தவரானோரை யாழ்ப்பாணத்து அரசன் கொல்வித்தான். அவனை ஒறுக்கப் போர்த்துக்கீசியர் படை செல்லவேண்டும் எனச் சவேரியார் முயன்றார். நாகையில் அவர் காத்திருந்தது அதன்பொருட்டே. ஆனால் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கல் அரசனின் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது. சரக்கு அவ்வரசன் கையில் சிக்கியது. சரக்கு மீளும்வரை போர் வேண்டா என்று படையினர் நின்றுவிட்டனர். 1545 ஏப்ரல் 7ஆம் நாள், தோழர் மான்சிலாசுக்கு நாகையிலிருந்து எழுதிய கடிதத்தில் இச்செய்தி உள்ளது. சமயத்தொண்டர் ஒருவர் படைத்துணையை நாடியது நமக்கு உவப்பாயில்லை. அதனை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதலும் முறையன்று.

மற்றைக் கடிதம் மே 8ஆம் நாள் மயிலையிலிருந்து கோவாத் தோழர்க்கு வரைந்தது. மார்ச்சு 29, குருத்து ஞாயிறன்று அவர் கப்பலேறினார்; காற்று மறித்தது. படையைப்பற்றிய ஏக்கம் அதில் மேலோங்கவில்லை. தோமையார் இல்லத்தில் இறைவன் திருவுளம் யாதென வேண்டி நின்றதையும், மலாக்காப் பக்கம் செல்வதே அத் திருவுளம் எனத் தெளிந்ததையும் கூறுகிறார். அவ்வாண்டு வேறு கலம் எதுவும் புறப்படாது ஒரு கட்டுமரமே செல்லுமாயினும் அதிலும் நம்பிக்கையோடு ஏறுவேன் என்னும் கருத்துப்பட எழுதுகிறார். கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் அவர் கடிதத்தில் அப்படியே ஆளப்பட்டுள்ளது. மரங்களைப் பிணைத்து மீன்பிடிக்கச் செல்லும் அம் மிதவையில் மலாக்கா சேர முடியாதென்பதைப் பரதவரோடு வாழ்ந்த அவர் அறியாரல்லர். துணிவின் எல்லையைக் காட்ட அவருக்கு வாய்த்த சொல் நம் கடற்கரைச் சொல்லாயிற்று.

இவ்விரு கடிதங்களுக்கும் இடைப்பட்ட ஒரு திங்களில் அடங்குவது அந்த நடை. கொள்ளிடம், தென்பெண்ணை, பாலாறு ஆகியவற்றின் குறுக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வழி. அவ் வழியைப்பற்றி அவர் யாதும் எழுதவில்லை. தமிழ் மரபிற் பழகிய நமக்கு இது வியப்பளிக்கும். இதே கடற்கரையின் எயிற்பட்டினத்தைச் சிறுபாணாற்றுப்படை வழியாகவே காட்டுகிறது; அஃது இன்றைய மரக்காணம் என்பர் அறிஞர். கயிலைக்குச் சென்ற அப்பரின் தாளும் கையும் மார்பும் தேய்ந்தமையைச் சேக்கிழார் படிப்படியாக விரிக்கின்றார். நம் புலவர்க்கு வழியும் வருத்தமும் பாடுபொருள். சவேரியார்க்குச் சேர்ந்த இடத்திற் பெற்ற விடையே எழுதுபொருள்.

ஆகவே, நடந்தமைக்குக் காற்றுக் காரணமாயிருக்கலாம். சென்றமைக்குக் காரணம் காற்றன்று. தமக்கெனத் தேர்ந்த பணித்துறை எது என்னும் வினாவோடு சென்றமையின் இதனை யாத்திரை என்றல் தகும் என்பது நம் கருத்து. வழியில் என்ன நினைந்தார் என்று புனைந்துரைப்பாரோடு நாம் உடன்படோம். தோமையார் அடக்கமான இடம்பற்றிய வரலாற்று வழக்கும் இம் முடிபைத் தாக்காது. 1523இல் போர்த்துக்கீசியர் அகழ்ந்து கண்ட கல்லறையையே அவர் நம்பிச் சென்றார்.

மயிலையில் ஏறத்தாழ நான்கு திங்கள் தங்கினார். அவ்வாண்டிலேயே மலாக்காவுக்குக் கப்பலேறினார், கட்டுமரம் தேவைப்படவில்லை.