பூனை அகப்படும் வரை கதை வேண்டாம்

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறீர்களா? கதையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். "இவர் சிவன், இவர் அர்ச்சுனன்" என்று விரல் நீட்டிச் சொன்ன மறுகணமே ஐந்து வயதுக் கண்கள் பாறையை விட்டு ஐஸ் வண்டிக்குப் போய்விடும். விடை கிடைத்துவிட்டதே, இனி எதைத் தேடுவது?

காலையில் போவது நல்லது. சிற்பம் கிழக்கு பார்த்தது. இளவெயில் அதன் மேல் விழும், பாறையும் சூடாகியிருக்காது. ஆளுக்கு ஒரு நோட்டு, பென்சில், ஒரு காகிதக் குழல் போதும். பழைய காலண்டர் தாளைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டால் குழல் ஆயிற்று.

முதலில் எட்ட நில்லுங்கள். ஏறத்தாழ 30 மீட்டர் அகலப் பாறையில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கிட்டே போனால் குழந்தைக்கு யானைக்கால்தான் தெரியும். மனதுக்குள் இருபது எண்ணும் வரை பேசாமல் பார்க்கட்டும். பிறகு திரும்பி நிற்க வைத்து, "என்னென்ன பார்த்தே?" என்று கேளுங்கள். யானை என்பார்கள். "குட்டி எங்கே இருந்துச்சு?" என்று கேட்டால் விழிப்பார்கள். உடனே மறுபடி பார்க்கத் திரும்புவார்கள் பாருங்கள், அந்தப் பார்வையே வேறு.

அடுத்தது குழல் வேட்டை. குழல் வழியாகப் பார்த்தால் ஒரு நேரத்தில் ஓர் உருவம்தான் அகப்படும். அத்தனை கூட்டமும் சேர்ந்து குழந்தையை மலைக்க வைக்காது. விடுகதை போலக் கேளுங்கள். பின்னங்காலால் மூக்கைச் சொறிவது யார்? மனித உடம்பும் பறவைக் காலும் யாருக்கு? பூனையைக் கடைசிக்கு வையுங்கள். பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே நிற்கிறது. பத்து நிமிடம் ஆனாலும் காட்டிக்கொடுக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். ஒற்றைக்காலில், கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பு தெரிய நிற்கும் தவசியைப் போல அவர்களும் நிற்கட்டும். தள்ளாடுவார்கள்; பரவாயில்லை. பிறகு பூனையைப் போல. என் அண்ணன் மகள் பூனைக்காகக் கைகளைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். "அத்தை, அந்தத் தாத்தாவைப் பார்த்துப் பூனை காப்பி அடிக்குது!" அவள் தம்பிக்கு வேறு கவலை: "அப்போ எலியெல்லாம் ஏன் ஓடல?" 1,300 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்பி வைத்துவிட்டுப் போன வேடிக்கை, தூக்கிய இரண்டு கைகளில் பிடிபட்டுவிட்டது. தவ வேடம் போட்ட பூனையின் கதை மகாபாரதத்தில் உண்டு. அன்று நான் அதைச் சொல்லவில்லை. எலிகள் ஓடாததற்கு அவர்கள் சொன்ன காரணங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரே கேள்வி: "இவங்கள்ல முக்கால்வாசிப் பேர் எந்தப் பக்கம் பார்க்கிறாங்க?" பார்வைகளை விரலால் தொடர்ந்து போனால் பாறையின் நடுப்பிளவில் வந்து சேரும். அங்கே நாகங்கள் மேல்நோக்கி எழுகின்றன. இப்போது கதை சொல்லலாம். இரண்டையும் சொல்லுங்கள். பாசுபதம் வேண்டி அர்ச்சுனன் செய்த தவம் என்பார்கள் சிலர். கங்கையை இறக்கப் பகீரதன் செய்த தவம் என்பார்கள் வேறு சிலர். அறிஞர்களிடையே அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ப்பைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

கடைசியாக, சிற்பத்துக்கு முதுகு காட்டி நிழலில் உட்கார்ந்து, நினைவிலிருந்து ஓர் உருவத்தை வரைய வேண்டும். திருத்தக் கூடாது, "யானை இப்படியா இருக்கும்?" என்று கேட்கவும் கூடாது. வரைந்ததை எடுத்துப்போய் அவர்களே ஒப்பிடட்டும். அண்ணன் மகள் யானைக்கு அடியில் நிற்கும் குட்டிகளை விட்டிருந்தாள். ஓடிப்போய் எண்ணிவிட்டு வந்து, இடம் போதாமல் பக்கத்துத் தாளில் வரைந்தாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில், பால் கறக்கும்போது கன்றை நக்கிக்கொடுக்கும் பசு இருக்கிறது. அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.